மூன்றாம் மானின் பதவி உயர்வு

மோரி திராவோரே போனது கேட்டைப் பற்றவைக்க. கொமோலா பிராந்திய பாலே என்ற ஆட்டக் குழுவின் இரும்புக் கேட் ஒரு பக்கக் கீல் விட்டுச் சாய்ந்து, தலைமை இயக்குநரின் கார் மேல் விழுந்திருந்தது. அதற்கு முன்பும் அது இரண்டொரு முறை விழுந்ததுண்டு. அப்போதெல்லாம் ஆடுகிறவர்கள் மேல் விழுந்தது, அவர்களே தூக்கி நிறுத்திவிட்டார்கள். கார் மேல் விழுந்ததால்தான் வெல்டருக்கு ஆள் அனுப்பினார்கள்.

மத்தியானத்துக்குள் மோரி வேலையை முடித்துவிட்டான். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் நின்றான். தலைமை இயக்குநர் ஃபாசினே கூரூமா கஞ்சி போட்ட வெள்ளை அங்கியில், சுழலாத மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

"வேலை பிரமாதம் தம்பி. ஒரு சின்னச் சிக்கல்தான். எங்களுக்கு வர்ற ஒதுக்கீட்டுல முரசுக்கு ஒரு செலவுத் தலைப்பு இருக்கு, தோலுக்கு இருக்கு, இறகுக்கு இருக்கு, முகமூடிக்கு இருக்கு. கேட்டுக்குத் தலைப்பு இல்ல."

"அப்ப எனக்கு என்ன வழி ஐயா?"

"மூணாவது மான் காலியா இருக்கு."

சந்தையில் வந்திருக்கும் மான் கறியைச் சொல்கிறார் என்று நினைத்தான் மோரி. "கறியா வேண்டாம் ஐயா. காசாவே குடுத்துடுங்க."

தலைமை இயக்குநர் பொறுமையாக விளக்கினார். பாலேவின் பெருமையே வேட்டையாட்டம். அதில் மூன்று மான்கள். மூன்றாவது மானாக இருந்தவன் பெல்ஜியத்துக்குச் சுற்றுப்பயணம் போனபோது எல்லோரோடும் போனான், ஆனால் எல்லோரோடும் திரும்பவில்லை. அங்கே முரசுப் பள்ளி வைத்து, கல்யாணமும் பண்ணிக்கொண்டு, இன்னும் சுற்றுப்பயணத்தில் இருக்கிறான். அந்த இடத்தில் மோரியைப் போட்டால் கூலி சம்பளமாக வந்துவிடும்.

"ஒரே ஒரு மாசம். பேருக்கு மானா இருங்க."

"எனக்கு ஆட வராதே ஐயா."

"அதுக்கென்ன. இங்க யாரும் ஆடறதில்ல." அதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மனைவி சரன் சிரித்த சிரிப்பில், சடை பின்னிக்கொள்ள வந்திருந்த பெண் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தாள். சரனுக்குச் சடை பின்னும் தொழில். விரல் நிற்காது, வாயும் நிற்காது.

"அஞ்சு வருஷமா கூட இருக்கேன். கழுதைன்னுதான் நினைச்சிருந்தேன். மானா நீ?"

மறுநாள் மோரி மானாகப் பொறுப்பேற்றான்.

அந்த நாட்டில் பாலே என்றால் ஜெம்பே முரசு, மரமுகமூடி, வேடன், விலங்கு, சுற்றிலும் கூடி நின்று கத்தும் ஊர். கொமோலா பாலேவின் வளாகத்தில் இவை எதுவும் கண்ணில் படவில்லை. கதவுகள்தான் பட்டன. ஒவ்வொரு கதவிலும் ஒரு பலகை. தாவல் துறை. முரசுத் தோல் பராமரிப்புத் துறை. இறகுகள் மற்றும் சோழிகள் பிரிவு. ஒத்திகைத் துறைக்கு இடம் போதாமல் ஒத்திகைக் கூடத்தையே அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே ஒத்திகை என்று ஒன்று நடந்தால் அது வெளியே மாமரத்தடியில் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் நடக்காது. வெயில் காலத்தில் தாவல் துறைத் துணை அதிகாரி மரத்தடியில் தூங்குவார் என்பதால் அப்போதும் நடக்காது.

மாமரத்தடியில் ஆட்டக்காரர்கள் சிலர் உட்கார்ந்து பச்சைத் தேநீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர் லன்சினே கொண்டே. ஐம்பதைத் தாண்டிய ஒல்லி மனிதர், வேட்டையாட்டத்தின் வேடன். கொமோலாவில் அவர் ஆட்டத்தைப் பார்க்காமல் யாரும் கல்யாணம் பண்ணிக்கொண்டதில்லை, பெயர் சூட்டிக்கொண்டதில்லை.

"யாருடா நீ?" என்றார்.

"மூணாவது மான். மோரி திராவோரே."

லன்சினே கையிலிருந்த தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். முகமெல்லாம் மலர்ந்தது. "திராவோரேயா? பயறு தின்னிப் பயலா? ஏய், எல்லாரும் மூக்கைப் பொத்திக்குங்க."

"பயறு தின்னி நீங்கதான் மச்சான்," என்றான் மோரி. அவனுக்கும் அன்றைக்கு முதல் தடவையாக மூச்சு இயல்பாக வந்தது. "கொண்டே வீட்டுல பானையை எட்டிப் பார்த்தா பயறு, படுக்கையைத் தூக்கிப் பார்த்தா பயறு."

கொண்டே குலமும் திராவோரே குலமும் அங்கே பரிகாச முறைக்காரர்கள். எங்கே சந்தித்தாலும், முன்பின் தெரியாவிட்டாலும், ஒருவரை ஒருவர் வைது தீர்க்கலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது, நடுவில் யாரும் குறுக்கிடவும் கூடாது. நீதிபதி கொண்டேயாக இருந்து திருடன் திராவோரேயாக இருந்தால் அந்த வழக்கு சீக்கிரம் முடியாது.

"உங்க முப்பாட்டன் எங்க எருமையைக் கொன்னான்," என்றார் லன்சினே, இரு குலத்துக்கும் தெரிந்த பழங்கதையை எடுத்து. "இத்தனை காலம் கழிச்சு ஒரு திராவோரே என் அம்புக்கு மானா வந்திருக்கான். ஆண்டவன் பெரியவன். உட்காரு, டீ குடி."

மான்களுக்குள்ளும் படிநிலை இருந்தது. முதல் மான் மட்டுமே ஆற்றில் தண்ணீர் குடிக்கலாம். இரண்டாம் மான் ஆற்றைப் பார்க்கலாம். மூன்றாம் மான் இரண்டாம் மானைப் பார்க்கலாம். கடைசியில் அம்பு பட்டுச் சாவது மூன்றாம் மான். அதற்கு மட்டும் யாரும் போட்டிக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை தோறும் வரலாறு. வரலாற்றுத் துறைத் தலைவி ஹவா சிசே, தங்கப் பிரேம் கண்ணாடியும் ஊதாத் தலைப்பாகையுமாக வந்து பாலேவின் வரலாற்றை வாசிப்பார். எல்லோரும் நின்றுகொண்டு கேட்க வேண்டும். நிறுவனர்கள் வெறுங்காலுடன் தலைநகருக்கு நடந்தது, அயல்நாட்டு அரங்கில் ஆடியது, ஆட்டம் முடிந்ததும் மூன்று நாள் கைதட்டல் ஓயாதது.

"மூணு நாளா?" மோரி பக்கத்தில் இருந்தவனிடம்தான் கேட்டான். ஆனால் ஹவா அம்மாவின் காது கூர்மை.

"ஆமாம். சந்தேகமா?"

"சந்தேகமில்லம்மா. அவங்க சாப்பிட என்ன பண்ணினாங்க?"

ஹவா அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அது ஆய்வில் இருக்கிறது."

ஒரு மாதம் முடிவதற்குள் தலைநகரிலிருந்து செய்தி வந்தது. கலாச்சார அமைச்சர் கொமோலா வருகிறார். பிராந்திய பாலேக்களில் எதை வைத்துக்கொள்வது, எதைக் கலைப்பது என்று நேரில் பார்த்து முடிவு செய்யப்போகிறார். தேதி குறித்தாகிவிட்டது.

தலைமை இயக்குநர் உடனே கூட்டம் கூட்டினார். "பொன்விழா கொண்டாடுறோம். பொன்விழா நடக்கிற இடத்தை யாரும் கலைக்க மாட்டாங்க."

ஹவா அம்மா மெல்ல இருமினார். "பாலேவுக்கு நாற்பத்து மூணு வயசுதாங்க ஆகுது."

"வரலாற்றுத் துறை எதுக்கு இருக்கு?"

ஹவா அம்மா இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஆய்வு செய்தார். மூன்றாம் நாள் முடிவை அறிவித்தார். நிறுவனர்கள் ஆடத் தொடங்குமுன் ஆடலாமா வேண்டாமா என்று ஏழு ஆண்டுகள் யோசித்திருக்கிறார்கள். யோசித்த காலமும் வரலாறுதான். பொன்விழா கூடி வந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இந்தக் கைதட்டல் சீக்கிரம் ஓய்ந்தது. மணி பன்னிரண்டு, சோறு வந்துவிட்டது.

மாமரத்தடியில் மட்டும் யாரும் கைதட்டவில்லை.

"கலைச்சாங்கன்னா என்ன மச்சான்?" என்றான் மோரி. "நீங்க கல்யாண வீட்டுல ஆடுவீங்க. உங்களை ஊரே கூப்பிடுது."

லன்சினே கரியை ஊதிவிட்டுக்கொண்டிருந்தார். "கல்யாண வீட்டுல வேட்டையாட்டம் ஆட முடியாதுடா. பொண்ணு மாப்பிள்ளை முன்னாடி ஒரு உயிர் செத்து விழலாமா? பெரியவங்க விட மாட்டாங்க. மான் சாகணும்னா ஒரு மைதானம் வேணும், பாலேன்னு ஒரு பேர் வேணும். எங்கப்பா எனக்குக் குடுத்தது இந்த ஒரு ஆட்டம். அதை ஆடி ஆறு வருஷம் ஆச்சு." பிறகு நிமிர்ந்து பார்த்தார். "அமைச்சர் வந்தா ஆடித்தானே ஆகணும். நீதான் மான். எழுந்திரு."

"அண்ணே, பேருக்கு மான்னுதான் சொன்னாங்க."

"பேருக்கு வேடன் நான் இல்லையே. எழுந்திருடா பயறு."

அன்றிலிருந்து மோரிக்குக் காலையில் பட்டறை, சாயங்காலம் மாமரத்தடியே காடு. அவன் ஓட்டத்தைப் பார்த்து முரசுக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இது மான் ஓடற ஓட்டமா?" என்றார் லன்சினே. "லைசென்ஸ் இல்லாத மோட்டார் பைக் போலீசைப் பார்த்த மாதிரி இருக்கு."

"எனக்குத் தெரிஞ்ச ஓட்டம் அதான் மச்சான்."

வீட்டில் சரன் அவனை முற்றத்தில் ஓடவிட்டுப் பார்த்தாள். வாயில் சீப்பைக் கவ்விக்கொண்டே சொன்னாள். "நீ பயந்து மட்டும் ஓடற. எது துரத்துதுன்னு மான் திரும்பிப் பார்க்கும். அந்தப் பார்வையிலதான் அது மான். இல்லேன்னா வெறும் ஓட்டம்."

மோரி திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான். கோழிக்கூண்டில் மோதினான். மறுபடி ஓடினான். எப்போது என்று சொல்ல முடியாது, ஒரு சாயங்காலம் முரசு அவன் முழங்காலுக்குள் இறங்கியது. அன்று யாரும் சிரிக்கவில்லை. லன்சினே முதல் குவளைத் தேநீரை அவனுக்குக் கொடுத்தார்.

இந்தச் சமயத்தில்தான் அவனுக்குப் பதவி உயர்வு வந்தது.

அமைச்சர் முன்னால் பட்டம் இல்லாதவர்கள் நிற்கக் கூடாது என்று தலைமை இயக்குநர் நினைத்தார். யார் மேல் புகாரே இல்லையோ அவர்களுக்குப் பட்டம் என்று முடிவாயிற்று. தேடிப் பார்த்ததில் பாலேவில் புகாரே இல்லாத ஊழியர் ஒரே ஒருவர்தான். மோரி ஒரு நிகழ்ச்சிக்கும் தாமதமாக வந்ததில்லை, ஒரு அடி தவறாக வைத்ததில்லை, ஒரு உடையையும் கிழித்ததில்லை. ஒரு நிகழ்ச்சியும் நடக்கவில்லை என்பதால் இது எளிதாக இருந்தது. லன்சினே மேல் புகார்கள் நிறைய. அனுமதிக்கப்பட்டதைவிட உயரமாகத் தாவினார், முரசு நின்ற பிறகும் ஆடினார், தாவல் துறையைக் கலந்துகொள்ளாமல் ஒரு புதுத் தாவல் போட்டார்.

மோரி முதுநிலைச் சிறப்பு மான் ஆனான். தலைமை இயக்குநரே கையைக் குலுக்கினார்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு ஒத்திகைத் துறை அதிகாரி ஒரு விதியோடு ஓடி வந்தார். கீழ்நிலை ஊழியர் மேல்நிலை ஊழியரை எவ்விதத்திலும் தாக்கலாகாது. வேடன் இப்போது மானைவிட இரண்டு படி கீழே. எப்படி அம்பு விடுவது?

மறுபடி கூட்டம். மோரியையும் லன்சினேயையும் ஓரத்தில் நிற்க வைத்தார்கள்.

"மானைக் கீழ இறக்கிடுங்க," என்றான் மோரி. "எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

"பட்டத்தைத் திரும்பப் பெறணும்னா அமைச்சர் கையெழுத்து வேணும்," என்றார் தலைமை இயக்குநர். "குடுத்த வாரமே திரும்பக் கேட்டா என்ன நினைப்பார்?"

"அப்ப அண்ணனை மேல ஏத்துங்க."

"புகார் இருக்கே. அவர் உயரமாத் தாவறார்."

மான் தானாகவே கீழே விழுந்து செத்தால் என்ன என்றார் தாவல் துறை அதிகாரி. தற்கொலை மார்க்கத்துக்கு விரோதம், முன்வரிசையில் இமாம் உட்கார்ந்திருப்பார் என்றார்கள். மான் முதுமை வந்து சாகலாமே என்றார் இன்னொருவர். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார் தலைமை இயக்குநர்.

கடைசியில் ஹவா அம்மாதான் வழி சொன்னார். வேடன் மான் முன்னால் முழந்தாளிட்டு அனுமதி கேட்கட்டும். மான் ஆட்சேபணை இல்லை என்று வாயால் சொல்லட்டும். அப்படியானால் அது தாக்குதல் ஆகாது, ஒத்துழைப்பு. அனுமதி கேட்பது எல்லோர் காதிலும் விழ வேண்டும் என்பதால் அந்த நேரம் முரசுகள் நிற்கட்டும்.

மோரி பக்கத்தில் நின்றவரைத் திரும்பிப் பார்த்தான். லன்சினே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆட்டத்தில் முரசுகள் உச்சத்துக்கு ஏறி வேடன் தாவுகிற இடம் அதுதான். வெளியே வந்த பிறகு மோரி வழக்கம்போல் வம்புக்கு இழுத்துப் பார்த்தான். "என்ன மச்சான், என்கிட்ட பர்மிஷன் கேட்கப் போறீங்களாமே." லன்சினே பதிலுக்குப் பயறு என்றுகூடச் சொல்லவில்லை.

விழா நாளில் மைதானம் கொள்ளவில்லை. மரங்களிலும் லாரிகளின் மேலும் ஆட்கள். நிலக்கடலைக்காரிகளுக்கு நல்ல வியாபாரம். அமைச்சர் கனத்த உடம்போடு, நீல அங்கியில், பந்தலுக்குக் கீழே சோபாவில் உட்கார்ந்தார். அவரும் ஒரு கொண்டே என்று கூட்டத்தில் பேசிக்கொண்டார்கள்.

தலைமை இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். பிடித்த பிடி தளரவில்லை.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே. ஆட்டம் என்பது அழிக்கும் சக்தி. ஆடினால் உடை கிழிகிறது. அடித்தால் முரசுத் தோல் தேய்கிறது. தாவினால் தரை குழிகிறது. எங்கள் நிர்வாகத்தில் கடந்த ஆறு ஆண்டுகளாக ஓர் உடை கிழிந்ததில்லை, ஒரு முரசு தேய்ந்ததில்லை. இந்த பாலேவை ஆட்டத்திலிருந்து கட்டிக் காப்பாற்றி உங்கள் கையில் ஒப்படைக்கிறோம்."

பிறகு ஹவா அம்மா. "மற்ற பாலேக்கள் ஆண்டுக்கு ஓராண்டுதான் வளர்கின்றன. நம் பாலே இந்த ஓராண்டில் மட்டும் ஏழாண்டு வளர்ந்திருக்கிறது. ஊக்கம் கிடைத்தால் நூற்றாண்டு விழாவை வரும் ஆண்டே கொண்டாடத் துறை தயாராக இருக்கிறது."

பிறகு தாவல் துறை. பிறகு இறகுகள் மற்றும் சோழிகள். அமைச்சர் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டார், பிறகு அதை முகத்தில் போட்டுக்கொண்டார். நிலக்கடலை தீர்ந்தது. பின்வரிசைப் பெண்கள் உலை வைக்க வேண்டும் என்று எழுந்து போகத் தொடங்கினார்கள். வெயில் சாய்ந்து மஞ்சளான பிறகு ஒரு வழியாக முரசுகளுக்கு அனுமதி கிடைத்தது.

முதல் மான் வந்து தண்ணீர் குடித்தது. இரண்டாம் மான் ஆற்றைப் பார்த்தது. கொம்பு கட்டிய தலையோடு மோரி உள்ளே வந்தபோது, எழுந்து போனவர்களில் சிலர் நின்றார்கள். கூட்டத்தில் எங்கோ சரனின் சீழ்க்கை கேட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து லன்சினே வந்தார். சோழி தைத்த வேடன் சட்டை, கையில் வில். நடந்து வந்ததற்கே கூட்டம் கத்தியது.

அப்போது ஒத்திகைத் துறை அதிகாரி கையைத் தூக்கினார். முரசுகள் நின்றன.

லன்சினே முழந்தாளிட்டார். வில்லைக் கீழே வைத்தார். "மதிப்பிற்குரிய முதுநிலைச் சிறப்பு மான் அவர்களே, தங்கள் மேல்..." கீழே கிடந்த வில்லைப் பார்த்தார். "தங்கள் மேல் ஓர் அம்பு விட அனுமதி கோருகிறேன்."

ஊருக்கே வேட்டையாட்டம் தெரியும். இது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. மோரி சொல்ல வேண்டியது, ஆட்சேபணை இல்லை. சொல்லிவிட்டு விழுந்தால் போதும், வீட்டுக்குப் போகலாம். அவன் குனிந்து லன்சினேயின் முகத்தைப் பார்த்தான். கொம்பு கனத்தது.

"ஆட்சேபணை இருக்கு," என்றான்.

பந்தலுக்குக் கீழே தலைமை இயக்குநர் பாதி எழுந்தார்.

"ஒரு பயறு தின்னி என் மேல அம்பு விடறதா? கொண்டே வீட்டு ஆளுங்களுக்கு அம்பு எந்தப் பக்கம் கூர்னு தெரியுமா? எழுந்திரிங்க மச்சான். முதல்ல என்னைப் பிடிச்சுக் காட்டுங்க."

மைதானத்தின் திராவோரேப் பாதி சிரித்தது. கொண்டேப் பாதி ஊளையிட்டது. லன்சினே நிமிர்ந்து பார்த்தார். முகம் மாமரத்தடி முகமாக மாறியிருந்தது.

"டேய்," என்றார் மெதுவாக. "உன்னைத் தோலுரிச்சுப் பயறோட சேர்த்து வேக வைக்கிறேன்."

பெரிய முரசுக்காரன் அதிகாரியின் கையைப் பார்க்கவில்லை. அடித்தான்.

மோரி ஓடினான். பந்தல் காலைச் சுற்றினான், நிலக்கடலைக் கூடைகளைத் தாண்டினான், இமாமின் செருப்புகளுக்கு மேலே பறந்தான். ஓடி ஓடித் திரும்பிப் பார்த்தான். அவன் பார்க்கிறபோதெல்லாம் பின்னால் லன்சினே காற்றில் இருந்தார். தாவல் துறை வகுத்த உயரம் எங்கோ கீழே கிடந்தது. பெண்கள் உலையை மறந்துவிட்டு ஓடி வந்தார்கள். தலைமை இயக்குநர் விதியைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே வர முயன்றார். இமாமே அவர் அங்கியைப் பிடித்து இழுத்தார். "உட்காருங்க. கொண்டேயும் திராவோரேயும் வையும்போது நடுவுல போகக் கூடாது."

அமைச்சர் முகத்திலிருந்த நிகழ்ச்சி நிரல் எப்போதோ விழுந்திருந்தது. சோபாவின் நுனியில் இருந்தார். "விடாதீங்க லன்சினே. மானைப் பிடிங்க, இல்லேன்னா நம்ம மானம் போயிடும்." அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மானை மடக்க மைதானத்தில் இறங்கிவிட்டார்.

மெய்க்காவலர்கள் பின்னால் இறங்கினார்கள். அமைச்சர் எழுந்தால் எழ வேண்டும், நடந்தால் பின்னால் நடக்க வேண்டும் என்பது வரை அதிகாரிகளுக்குத் தெரியும். அவர் ஆடினால் என்ன செய்வது என்று எந்த விதியிலும் இல்லை. ஆகவே ஆடினார்கள். தலைமை இயக்குநர் ஆடினார். ஹவா அம்மா தலைப்பாகை அவிழ ஆடினார். இறகுகள் மற்றும் சோழிகள் பிரிவு முழுவதும் ஆடியது. நடுவில் லன்சினே ஒரு மெய்க்காவலரின் தலைக்கு மேலாகத் தாவி அம்பை விட்டார்.

மொட்டை அம்பு மோரியின் தோளைத் தொட்டது. அவன் செத்தான். உடனே சாகவில்லை. ஒரு காலில் செத்தான், மறுகாலில் எழுந்தான், ஒவ்வொரு திராவோரே முன்னாலும் போய் முறையிட்டுவிட்டு, கடைசியில் அமைச்சரின் காலடியில் போய் நீட்டி விழுந்தான். அமைச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவன் நெஞ்சில் கால் வைத்து, எருமைக் கடன் தீர்ந்தது என்று அறிவித்தார். செத்த மான் படுத்தபடியே பதிலுக்கு வைதது.

தலைநகரிலிருந்து ஆணை வந்தபோது தலைமை இயக்குநரே அதைக் கூட்டத்தில் வாசித்தார். கொமோலா பாலே கலைக்கப்படவில்லை. இவ்வளவு பெரிய ஆட்டக் குழுவை அமைச்சர் வேறெங்கும் பார்த்ததில்லை. இப்படி ஆடத் தெரிந்தவர்கள் நாற்காலிகளில் வீணாவது அவர் மனத்தை வருத்துகிறது. அன்று மைதானத்தில் ஆடிய அனைவரும் இன்று முதல் ஆட்டக்காரர்கள். குழுவை நடத்துபவர் லன்சினே கொண்டே. வாசித்துக்கொண்டே வந்தவர் தன் பெயர் வந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார். அவர் சிங்கம்.

ஹவா அம்மாவுக்கு ஆற்றின் வேடம். நீலத் துணியின் ஒரு முனையைப் பிடித்து அலையடிக்க வேண்டும். வரலாறு போய் வெறும் ஆறு மட்டும் மிஞ்சியது என்று மாமரத்தடியில் சிரித்தார்கள். முதல் வாரம் அவர் தோள்வலி என்றார். இரண்டாம் வாரம் ஆற்றில் வெள்ளம் வந்தது, முதல் மான் நனையாத குறை.

ஒப்புக்கொண்ட ஒரு மாதம் முடிந்த பிறகும் மோரி மானாகவே இருந்தான். யாரும் கேட்டால், பட்டறையில் வேலை குறைவு என்றான். அது பொய் என்று சரனுக்குத் தெரியும்.

புதுக் குழுவின் முதல் ஆட்டம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தை ஊரில். புளியமரத்தடியில் முரசு ஏறியது. பிடரி மயிர் கட்டிய சிங்கம் வந்து நடுவில் நின்றது. கர்ஜிக்க வேண்டும். ஃபாசினே கூரூமா வாயைத் திறந்தார். பழக்கம் முந்திக்கொண்டது.

"மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே," என்று தொடங்கி, லன்சினேயின் கண்ணைப் பார்த்ததும் பயந்துபோய் மீதியைக் கர்ஜனையாக முடித்தார்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பேச்சுப் பேசும் சிங்கத்தை அவர்கள் பார்த்ததில்லை. மறுபடி, மறுபடி என்று கத்தினார்கள். சிங்கம் மறுபடி வரவேற்றது. கிழவர்கள் கைத்தடியால் தரையைத் தட்டினார்கள். அவர் வாழ்நாளெல்லாம் பேசிய பேச்சுக்கு இப்படி யாரும் முகம் மலர்ந்ததில்லை. முடிந்ததும் வியர்வை வழிய, பிடரி ஒரு பக்கம் சரிய, கொம்பைக் கழற்றிக்கொண்டிருந்த மோரியிடம் வந்தார். குரலில் கூச்சம் இருந்தது.

"மோரி, அடுத்த ஊர்ல அந்தப் பேச்சைக் கொஞ்சம் நீட்டலாமா?"

"வேண்டாம் ஐயா," என்றான் மோரி. "நீட்டினா ஜனங்க உலை வைக்க எழுந்து போயிடுவாங்க."

சிங்கம் சற்று யோசித்தது. "சரி," என்றது. "கர்ஜனையை நீட்டறேன்."